தேக்குல புழு, இப்பவே மருந்து அடிக்கலாமா?

அல்சூர்வாசி:
நாங்க இருக்கறது பெங்களூர்ல, கனகபுரா தாண்டி மாமனாருக்கு ரெண்டு ஏக்கர் தேக்கு இருக்கு, மூணு வயசு மரம். போன வருஷம் கோடை மழை பெஞ்சு கொஞ்ச நாள்ல மொத்த இலையும் காலி, கீழ நின்னா தூறல் போடற மாதிரி புழு எச்சம் சடசடன்னு விழுது. இந்த ஞாயித்துக்கிழமை போய் பாத்தா தளிர் ஓரத்தை மடிச்சுக்கிட்டு உள்ள நூல் கனத்துக்கு குட்டிப்புழு, நாலே மரத்துல. மருந்துக்கடைக்காரர் தோப்பு முழுக்க அடிங்கன்றார், மாமனார் அதுவா தளிர்க்கும் விடுடான்றார். என்ன பண்ண?

மலையாளக்கரை:
அது ஹிப்ளியா பியூரா, தேக்கு இலைய திங்கற அந்துப்பூச்சியோட புழு. மரம் சாகாது, மாமனார் சொல்றது அந்த மட்டும் சரி, ஆனா தடிக்காது. பீச்சில இருக்கற கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூர்ல அளந்து பாத்து இளம் தேக்குல 44 சதவீத வளர்ச்சி போயிடுதுன்னு சொல்லிருக்காங்க. புழு திங்கறதே ரெண்டு வாரம் தான், அப்புறம் நூல் விட்டு இறங்கி மண்ணுல கூட்டுப்புழு ஆயிடும். இலை சல்லடையானப்புறம் மருந்து அடிக்கறது காசுக்கு கேடு. குட்டியா இருக்கறப்ப அந்த நாலு மரம், சுத்தி இருக்கற மரம், அவ்ளோதான்.

ஜேபிநகர்_சீனு:
கனடால நியூ பிரன்சுவிக்ல ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத்தை திங்கற மொட்டுப்புழுவுக்கு 2014ல இருந்து இதான் பண்றாங்க. கிளைய வெட்டிட்டு வந்து லேப்ல புழு எண்ணி, எங்க ஏறுதோ அங்க மட்டும் விமானத்துல பிடி (Bt)ங்கற, புழுவ கொல்ற பாக்டீரியா மருந்து. அதே ஊர்ல 1950கள்ல டிடிடி பூச்சிமருந்த காடு முழுக்க கொட்டி மிரமிச்சி ஆத்து சால்மன் மீன் குஞ்செல்லாம் செத்துது. ஆனா ஒண்ணு, தேக்கு அந்துப்பூச்சி கும்பலா எங்கிருந்தோ பறந்து வரும், இப்ப அடிச்சிட்டோம்னு ஜூன்ல அசந்துடாதீங்க.

பட்டுக்காரன்:
பிடி வாங்கறதுக்கு முன்னாடி வேலிக்கு அந்தாண்ட என்னன்னு பாத்தீங்களா? கனகபுரா ராமநகரா பக்கம் மல்பெரி இல்லாத இடமே கம்மி. தேக்குப்புழு எது பட்டுப்புழு எதுன்னு பிடிக்கு தெரியாது, காத்துல போய் பக்கத்து மல்பெரி இலைல விழுந்தா அந்த தோட்டக்காரர் தட்டுல இருக்கற பட்டுப்புழு அத்தனையும் போச்சு. தேக்குப்புழுவ மட்டும் கொல்ற வைரஸ் ஒண்ணு இருக்கு, ஹிப்ளியா என்பிவி, மல்லேஸ்வரம் மர ஆராய்ச்சி நிறுவனத்துல போய் கேட்டுப்பாருங்க.

அல்சூர்வாசி:
அய்யய்யோ கிழக்கு வேலி ஒட்டி மல்பெரி தான்! மாமனார்கிட்ட போன்ல சொன்னேன், நாலு மரத்துக்கு எதுக்குடா மருந்து, தொரட்டி போட்டு மடிஞ்ச இலைய இழுத்து சோப்புத்தண்ணி பக்கெட்டுல போட்டா ஆச்சுன்னு இப்பவே கிளம்பிட்டார்.