48 லட்சம் வீட்டு கான்ட்ராக்ட்: ஜிஎஸ்டி, இன்சூரன்ஸ், அப்ரூவல் செலவை எப்படிப் பிரிப்பது?

கரூர்_சிவில்:
வணக்கம். நான் கான்ட்ராக்டர், ஒரு வீட்டு வேலை எடுக்கிறேன். மனை 2,100 சதுர அடி. தரைத்தளம், முதல் தளம் சேர்த்து 2,000 சதுர அடி வீடு. மெட்டீரியலோடு சதுர அடி 2,400 ரூபாய், மொத்தம் 48 லட்சம் என்று பேச்சு. "ஜிஎஸ்டி, அப்ரூவல் எல்லாம் அதுக்குள்ளேயே" என்கிறார் வீட்டுக்காரர். அக்ரிமெண்ட் இன்னும் போடவில்லை. மேஸ்திரி மூலம் எட்டு, ஒன்பது பேர் வருவார்கள். எந்த இன்சூரன்ஸ் அவசியம்?

எஸ்டிமேட்டர்:
முதலில் வரியைப் பாருங்கள். மெட்டீரியலோடு எடுக்கும் வேலைக்கு ஜிஎஸ்டி 18%. 48 லட்சத்துக்குள் வரியும் அடக்கம் என்றால் உங்கள் கைக்கு 40.68 லட்சம், அதாவது சதுர அடிக்கு 2,034 ரூபாய்தான். சிமெண்ட், கம்பி, டைல்ஸ் எல்லாவற்றுக்கும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் பில் வாங்கினால் கட்டிய வரியைக் கழிக்கலாம். கூலியில் கழிக்க எதுவும் இல்லை. "ஜிஎஸ்டி தனி" என்று அக்ரிமெண்டிலேயே எழுதுங்கள்.

சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட், போர்வெல் ஆகியவற்றுக்குத் தனி ரேட். பொருள் விலை ஏறினால் என்ன என்பதையும் அக்ரிமெண்டில் எழுத வேண்டும். தோராயமாகச் சதுர அடிக்கு 4 கிலோ கம்பி என்றால் 8 டன். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 40,000 போச்சு.

சைட்_சேஃப்டி:
எதை விட்டாலும் டபிள்யூசி (வேலையில் அடிபடும் தொழிலாளிக்கான இழப்பீடு) பாலிசியை விடாதீர்கள். 30 வயதுத் தொழிலாளி இறந்தால் கணக்கு இது: மாதக் கூலி (உச்சவரம்பு 15,000) பாதி 7,500, வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். அந்தக் குடும்பத்துக்கு இது போய்ச் சேர வேண்டும். பாலிசி இல்லையென்றால் உங்கள் கையிலிருந்து போகும்.

எடுக்கும்போது கூலியைக் குறைத்துக் காட்டாதீர்கள். பிரீமியம் மிச்சமாகும், கிளெய்மில் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். மருத்துவச் செலவைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தால் முதலில் வருவது ஆஸ்பத்திரி பில்தான். இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கட்டாமல் விட்டால் வரும் அபராதத்தைக் கம்பெனி ஏற்காது.

கட்டடத்துக்கு சிஏஆர் பாலிசி (கட்டும்போது வரும் சேதத்துக்கானது). வீட்டுக்காரர் வாங்கித் தரும் பொருளையும் சேர்த்து முழு மதிப்புக்குப் போடுங்கள். 48 லட்சம் வேலையை 24 லட்சம் என்று காட்டினால், 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான், அதிலும் எக்ஸஸ் (ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) கழியும். பக்கத்து வீட்டுச் சுவர் விரிசலுக்கு மூன்றாம் நபர் பிரிவு வேண்டும். வேலை இடையில் நின்றால் உடனே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

கரூர்_சிவில்:
நன்றி. ஆட்கள் மேஸ்திரியோடவங்கதானே, பொறுப்பும் அவருக்குத்தானே?

சைட்_சேஃப்டி:
இல்லை. வேலையை எடுத்தவர் நீங்கள், கேஸ் உங்கள் மேல்தான் வரும். கொடுத்ததை மேஸ்திரியிடம் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் உரிமை உண்டு, ஆனால் அவரிடம் என்ன இருக்கும்? பாலிசியில் "சப் கான்ட்ராக்டர் ஆட்களும் சேர்த்து" என்று எழுதி வாங்குங்கள். சைட்டில் மஸ்டர் ரோல் நோட்டு வையுங்கள்: பெயர், வயது, வேலை, கூலி, தினமும் கையெழுத்து. சென்ட்ரிங் அன்றைக்கு மட்டும் வந்த ஆள் அதில் இல்லாமல்தான் பல கிளெய்ம் அடிபடுகிறது. பத்துப் பேர் ஆனால் இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு) பார்க்க வேண்டும். அதில் மாதக் கூலி வரம்பு 21,000. நாள் கூலி 900 வாங்குகிறவர் 26 நாளில் 23,400 ஆகி வெளியே போய்விடுவார். அவருக்கு டபிள்யூசி பாலிசியே துணை.

பிளான்_அப்ரூவல்:
2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி கட்டடம், ஜி+1 (தரைத்தளமும் முதல் தளமும்) வரை சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கும்; ஜூலை 2024 முதல் நடைமுறை. உங்கள் வேலை அதற்குள் வருகிறது. பத்திரத்தில் உள்ள நீள அகலம், பட்டா, இடத்தில் டேப் பிடித்த அளவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பின்னால் மாடியில் ஒரு ரூம் கேட்பார்கள். ஜி+1 தாண்டினால் இந்த அனுமதி செல்லாது. அரசுக் கட்டணத்தை ரசீதுப்படி வீட்டுக்காரரே நேரடியாகக் கட்டட்டும்.