பொருள்: ‘பாக்லாஷ்’ – ‘வெறுஞ்சுற்று’ என்றால் என்ன குறை?

எல்லோருக்கும் வணக்கம்.

‘பாக்லாஷ்’ (backlash) என்ற மெசின் சொல்லுக்குத் தமிழில் ‘வெறுஞ்சுற்று’ என்று எழுதலாம் என நான் சொன்னதற்கு வந்த உங்கள் கடிதங்களை மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். கை முழுக்கக் கிறீஸ், அதனால் பதில் பிந்திவிட்டது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் பட்டறைக்கு வந்த பழைய இங்கிலாந்து மில்லிங் மெசினை (வேலைத்துண்டை நகரும் மேசையில் பூட்டி, சுழலும் கட்டரால் வெட்டுகிற மெசின்) இப்போதுதான் முழுதாகப் பிரித்து முடித்தோம். 1990களில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் ஒரு தகரக் கொட்டகைக்குள் சும்மா நின்ற மெசின். யாரோ புண்ணியவான் மேசையிலும் அது நகரும் வழித்தடங்களிலும் தடிப்பாகக் கிறீஸ் பூசிவிட்டுப் போனதால் உப்புக்காற்று தின்னவில்லை. அந்தக் கிறீஸ் மெழுகுபோல இறுகி, இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறிய பிறகுதான் கழன்றது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

> பாக்லாஷ் = பின்னடிப்பு. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதே?

கோவை நண்பர் கோபிக்கக் கூடாது. சொல்லுக்குப் பொருந்துகிறது, சங்கதிக்குப் பொருந்தவில்லை. இங்கே எதுவும் பின்னால் அடிப்பதில்லை. கைபிடியால் சுற்றி மேசையை நகர்த்தும் திருகுதண்டின் புரிக்கும் அதில் ஓடும் நட்டின் புரிக்கும் நடுவே தேய்ந்துபோன இடம், அவ்வளவுதான். ஒரே பக்கமாகச் சுற்றும்வரை அது தெரியவே தெரியாது. புரியின் ஒரு முகம் நட்டைத் தள்ளிக்கொண்டே போகும். கைபிடியை மறுபக்கம் திருப்பும்போதுதான், மற்ற முகம் போய் முட்டும்வரை கைபிடி சும்மா சுற்றும், மேசை அசையாது.

எங்கள் மெசினில் அளந்து பார்த்தோம். தண்டில் அங்குலத்துக்கு 10 புரி. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு மேசை 100 தௌ போகும் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றைத்தான் தௌ என்கிறோம்). டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) மேசையில் முட்டவைத்துத் திருப்பியபோது தண்டின் நடுவில் 25 தௌ, ஓரங்களில் 8. அந்தக் காலத்து வேலையெல்லாம் மேசை நடுவில் நிற்கும்போதே நடந்திருக்கிறது, தண்டும் அங்கேயே தேய்ந்திருக்கிறது. இந்த வகைப் புரியில் ஒரு பல்லின் கனமே 50 தௌதான். அதில் பாதி அளவுக்கு இடம் காலி! புதிதாக ஒரு வெண்கல நட் கடைந்து போட்டுச் சமாளிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். நடுவுக்குப் பொருத்தமாகப் போட்டால் ஓரத்தில் சிக்கும். ஓரத்துக்குப் பொருத்தமாகப் போட்டால் நடுவில் ஆடும். தண்டையும் புதிதாக வெட்டாமல் வழியில்லை.

அன்றைக்கு உதவிக்கு வந்த பெரியவர் நாற்பது வருஷம் பிற்றராக (மெசின் பொருத்துபவராக) இருந்தவர். டயல் கேஜை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கைபிடியை இரண்டு விரலால் அப்படியும் இப்படியும் ஆட்டிவிட்டுச் சொன்னார்: “கால் சுத்து வெறுஞ்சுத்துத் தம்பி. அதுக்குப் பிறகுதான் மேசை அசையுது.” நூறில் இருபத்தைந்து. கால் சுற்றேதான்.

நான் முன்வைக்கும் ‘வெறுஞ்சுற்று’ இப்படி வந்ததுதான். நான் ஆக்கிய சொல் இல்லை, எழுத்துக்குத் திருத்தி எழுதியதோடு என் பங்கு சரி.

> ‘இளக்கம்’ யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே இருக்கிற சொல்தானே. அதையே வைத்தால் என்ன?

நல்ல சொல்தான், நானும் நாள் முழுக்கச் சொல்வேன். ஆனால் அது மிக அகலம். கழன்ற போல்ற்றும் இளக்கம், தேய்ந்த பெயரிங்கும் இளக்கம். பட்டறையில் எந்த ஆட்டத்துக்கும் சொல்கிற ‘ப்ளே’ (play) படுகிற பாட்டைத்தான் இதுவும் படும். போன வருஷம் எங்கள் சின்ன மெசினில் நடந்ததைச் சொல்கிறேன். பொடியனிடம் “அந்த ப்ளேயை எடு” என்றேன். அவன் போய், போன மாதம் நாம் பேசி முடித்தோமே, மேசைக்கும் வழித்தடத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ஆப்புத்தகட்டை இறுக்கிவிட்டான். மேசையின் பக்கவாட்டு ஆட்டம் போனது. நட் பழையபடியே கிடந்தது. நான் அதைப் பார்க்காமல், கட்டர் சுழலும் திசையோடு மேசை போகும்படி வெட்டத் தொடங்கினேன். வழக்கமான வெட்டில் கட்டரின் பல் மேசையை எதிர்த்துத் தள்ளும், காலி இடம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். இந்த வெட்டில் பல் மேசையைத் தன் பக்கம் இழுக்கும். வெறுஞ்சுற்று எவ்வளவோ அவ்வளவு தூரம் மேசை துள்ளிப் பாயும். ஆப்புத்தகட்டின் இறுக்கம் அந்த இழுவைக்குக் காணாது. 10 மிமீ கட்டர் இரண்டாக முறிந்து ஒரு துண்டு கூரைத் தகரத்தில் போய் அடித்தது. பொடியனில் பிழையில்லை. பக்கவாட்டு ஆட்டத்துக்கும் நட்டின் வெறுஞ்சுற்றுக்கும் ஒரே சொல்லைச் சொன்னவன் நான்.

> மோட்டர் சுமையில்லாமல் ஓடுவதையும் வெறுஞ்சுற்று என்று நினைத்துவிட மாட்டார்களா?

இங்கே அதை ‘சும்மா ஓடுது’ என்போம், ‘சுற்று’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எழுத்தில் ‘வெற்றோட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம். பற்சக்கரங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்: இரண்டு சக்கரத்தின் பற்களுக்கு நடுவே உள்ளதைச் சுற்று என்பது ஒட்டவில்லை. அதற்குப் ‘பல்லிடைத் தளர்வு’ போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றே வைக்க வேண்டுமா?

என் சோதனை ஒன்றுதான்: மெசினில் ஒட்டுகிற தாளில் எழுதினால் வேலை செய்கிறவருக்கு விளங்க வேண்டும். எழுதிப் பார்த்தேன். ‘அளவுக்கு மேலே போய்விட்டால், வெறுஞ்சுற்றையும் தாண்டிப் பின்னே வந்து, மறுபடி முன்னே போய் நிறுத்தவும்.’ இதில் ‘பின்னடிப்பைத் தாண்டி’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக, ‘பாக்லாஷ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே’ என்றவருக்கு. 1860களில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்த ஊர் இது என்று பெருமை பேசலாம்தான். அதைவிட நேரான பதில் ஒன்று இருக்கிறது. எங்கள் பொடியன்களுக்கு ‘பாக்லாஷ்’ என்ற சொல்லே தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது ‘ப்ளே’. எப்படியும் புதிதாக ஒரு சொல்லைப் பழக்கத்தான் போகிறோம்.

மேலே சொன்ன இரண்டு வகை வெட்டுக்கும் ‘எதிர்வெட்டு’, ‘உடன்வெட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், பிழை பிடிக்கிறவர்கள் பிடிக்கவும். தண்டு வெட்டக் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். எந்த ஞாயிறு என்று நான் கேட்கவில்லை.