பதில்: கேப்ச்சர் மயோபதி – தமிழில் எப்படிச் சொல்வது?

> 'பிடிப்புத் தசைநோய்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம். கேப்ச்சர் மயோபதி என்பது காட்டு விலங்கு பிடிபடும்போதோ துரத்தப்படும்போதோ பயத்தில் ஓடியும் திமிறியும் தசை கெட்டுச் சாகும் நோய். ஆனால் பிடிப்பு என்றதும் எங்கள் கடலூர்ப் பக்கம் கெண்டைக்காலைத்தான் நீவிவிடுவார்கள். சுளுக்கு, தசைப்பிடிப்பு என்றே புரிந்துகொள்வார்கள். அதோடு, பிடிபடாத மானுக்கும் இது வருகிறது. நாய்கள் வெகுதூரம் துரத்தினாலே போதும்.

வேப்பூர், விருத்தாசலம் பக்கம் புள்ளிமான் இறந்தால் நாய் கடித்தது, வண்டி மோதியது, கிணற்றில் விழுந்தது என்று செய்தி வரும். காயம் எதுவும் இல்லையென்றால் 'அதிர்ச்சியில் இறந்தது' என்று முடித்துவிடுவார்கள். அதில் காரணமே இல்லை. சரியான சொல் வேண்டும் என்று நான் விடாமல் கேட்பது இதற்காகத்தான்.

உயிர்ப் பயத்தில் ஓடியும் திமிறியும் தசையில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது, தசை இழைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயம் சட்டென நின்றுவிடும். சில மணி நேரத்தில் சாகலாம், நன்றாக நடமாடிவிட்டுச் சில நாள் கழித்தும் சாகலாம். அறுத்துப் பார்த்தால் தொடைத் தசை வெளிறிக் கிடக்கும்.

'தசைச்சிதைவு' வேண்டாம், பரம்பரையாக வரும் வேறொரு நோய்க்கு அந்தப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. 'விரட்டல்' நல்ல சொல்தான், ஆனால் கிணற்றுக்குள் கயிற்றில் திமிறும் மானை யாரும் விரட்டவில்லையே. 'வெருட்சி' அழகாக இருக்கிறது, வனக்காப்பாளர் வாயில் வராது. 'மாடு மிரண்டுடுச்சு' என்று எல்லோரும் சொல்கிறோம். அதனால் என் முன்மொழிவு: மிரட்சித் தசைக்கரைவு.

இந்தப் பெயரிலேயே செய்யவேண்டியதும் இருக்கிறது. வந்தபின் இதற்கு உறுதியான சிகிச்சை இல்லை; மிரளாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. மானின் கண்ணைத் துணியால் கட்டி, கூட்டத்தையும் செல்போன்களையும் விலக்கி, நிழலில் வைக்க வேண்டும். அசைபோடும் விலங்கு என்பதால் பக்கவாட்டில் கிடத்தக்கூடாது, வயிறு உப்பிவிடும். நெஞ்சு தரையில் படும்படி உட்காரவைக்க வேண்டும். அப்புறம் வெயில் நேரத்தில் வலை வீசவே கூடாது.

'கரைவு'க்குப் பதில் 'அழிவு' பொருந்தும் என்று புதுச்சேரிக் கால்நடை மருத்துவ நண்பர்கள் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன். 'மிரட்சி'யை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.