பயற்றங்கொடியில் வெள்ளைக் கோடு, உங்களுக்கும் வந்ததா?

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை:
முதலில் நத்தை என்றுதான் நினைத்தேன். பயற்றை இலையில் வளைந்து வளைந்து வெள்ளையாக ஒரு கோடு, ஈரத்துணியால் துடைத்தும் போகவில்லை. மூன்றாம் மாடிக்கு நத்தை எப்படியடா ஏறும் என்று அம்மா சிரித்தார். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் பல்கனியில் சாடி வைக்கத் தொடங்கியவன் நான், அதற்கு முன் கறிவேப்பிலை கூட வளர்த்ததில்லை.

கடையில் கேட்டு மருந்து வாங்கிக் கிழமைக்கு இரண்டு தரம் அடித்தேன். குறையவில்லை, தக்காளியிலும் கோடு. கடுப்பில் ஒரு இலையைப் பிடுங்கி, பின்னால் போன் டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தால், கோட்டின் தடித்த முனையில் மஞ்சளாக ஒரு புழு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டி ஆட்டிச் சுரண்டுகிறது, பின்னால் கறுப்பு நூல் போல அதன் எச்சம். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் இருந்து தின்கிறதற்கு மேலே அடிக்கிற மருந்து எங்கே படும்? அதை அழிக்க வருகிற சின்னக் குளவிகள்தான் செத்திருக்கும்.

இலைச் சுரங்கப் பூச்சியாம். தாய் ஈ 2 மில்லிமீற்றர்தான், கறுப்பும் மஞ்சளும். இலையைக் குத்திச் சாறு குடிக்கும், சில குத்தில் முட்டையும் வைக்கும். ஆண் ஈயால் குத்த முடியாது, பெண் குத்திய துளையில்தான் அதுவும் குடிக்குமாம் (அம்மா மறுபடி சிரித்தார்). சில நாளில் முட்டை பொரித்து, புழு ஒரு கிழமை அளவு உள்ளே தின்று, இலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். நம்முடைய வெக்கைக்கு மூன்று கிழமைக்குள் அடுத்த தலைமுறை. கொடிக்குக் கீழே வெள்ளைத் தட்டு வைத்துப் பார்த்தேன், காலையில் எள்ளளவு பழுப்பு மணிகள் ஏழு.

நானுஓயா மருமகள், தெஹிவளை:
அண்ணா, நாற்று எங்கே வாங்கினீங்கள்? முட்டை இலைக்குள் இருப்பதால் வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கக் கண்டத்து ஈக்கள் இவை, பூச்செடி வியாபாரத்தோடுதான் உலகம் சுற்றின. 1990களில் இந்தக் குடும்பத்து ஒன்று எங்கள் மலையகத்து உருளைக்கிழங்கையும் ஒரு பிடி பிடித்தது. மாமா இப்போதும் சொல்லுவார், அடி இலை முதலில் கருகும், மருந்து கூடக்கூட ஈயும் கூடும் என்று.

கொட்டாஞ்சேனைத் தேசி:
என் தேசிக்காய்க் கன்றிலும் இதே கோடுதான், ஆனால் அது ஈ இல்லை, சின்ன அந்துப்பூச்சி. இளந்தளிரில் மட்டும் வரும், இலை சுருண்டுவிடும், மண்ணுக்கு இறங்காமல் இலை விளிம்பை மடித்து அதற்குள்ளேயே கூடு கட்டும். உங்கள் தட்டு எனக்கு உதவாது.

மூன்றாம் மாடி, வெள்ளவத்தை:
தங்கச்சி கேட்டதும் பழைய படங்களைத் தேடினேன். தக்காளி நாற்று நான்கு, தெருவோரத்தில் வாங்கியவை, வாங்கின அன்றே எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தால் அடி இலையில் ஊசி குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பயற்றையில் இருந்துதான் தக்காளிக்குப் போனது என்று இவ்வளவு நாளும் பயற்றையைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது மருந்தை நிறுத்திவிட்டேன், கோடு விழுந்த இலைகளைக் கிள்ளிப் பொலித்தீன் பையில் இறுக்கக் கட்டி வெயிலில் போடுகிறேன். இன்று காலை தட்டில் இரண்டு.