உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் குப்பைப் பழக்கம் மாறுமா?

வண்டியூர்வாசி (கேள்வி):
வீடு வீடாகப் போய் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் வேலையை எங்கள் குடியிருப்போர் சங்கம் என்னிடம் கொடுத்திருக்கிறது. "சுற்றுச்சூழலைக் காப்பேன், நீர்நிலைகளைப் பேணுவேன், தூய்மையான மதுரைக்குப் பாடுபடுவேன்" என்று அச்சடித்திருக்கிறார்கள். காலையில் கண்மாய்க் கரையில் நடக்கும்போது, இரவோடு இரவாக வீசிய பைகளை நாய்கள் குதறி வைத்திருக்கும். முட்டை ஓடும் குழந்தைகளின் டயப்பரும் தண்ணீர் வரை சிதறிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் கேட்கிறேன். கையெழுத்துப் போட்டவர் உண்மையிலேயே மாறுவாரா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் ஆசிரியர்:
இந்தப் படிவத்தால் மாற மாட்டார். ஜனவரி 25 வாக்காளர் தினம், ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினம் என்று பள்ளியில் கை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டே இருக்கிறோம். மதியம் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு என்ன சொன்னாய் என்று கேளுங்கள், விழிக்கும். நாளைக் காலை எழுந்து அந்தப் பிள்ளை செய்ய வேண்டிய காரியம் ஒன்றுகூட அதில் இருப்பதில்லை.

உறுதிமொழியே வீண் என்று சொல்ல மாட்டேன். 1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில்தான் காந்தி அரையாடைக்கு மாறினார். அப்போது அவர் அறிவித்தது, தொப்பியையும் சட்டையையும் அக்டோபர் 31 வரையிலாவது விடுகிறேன் என்பதுதான். எதை விடுகிறார், எதுவரை விடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அதன்பின் கடைசி வரை அந்த உடைதான். உங்கள் படிவத்திலும் அப்படி ஒரே ஒரு செயலும் ஒரு தேதியும் இருக்கட்டும்.

புதூர் வாசகன்:
ஆய்வுகளையும் பார்த்துவிடலாம். படிவத்தின் அடியில் அல்லாமல் தலைப்பிலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் பொய் சொல்வது குறையும் என்று 2012இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்து பெரும் புகழ் பெற்றது. 2020இல் அதே ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதிலிருந்த ஒரு சோதனையின் தரவுகளே புனையப்பட்டவை என்று தெரிந்து 2021இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

2013இல் வெளியான இன்னொன்று கலிபோர்னியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. துண்டை மறுபடி பயன்படுத்துவேன் என்று அறை எடுக்கும்போதே குறிப்பாக ஒப்புக்கொண்டு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின்னும் வாங்கியவர்கள், மறுபயன்பாட்டுக்கு மாட்டிவைத்த துண்டுகளின் எண்ணிக்கை 40 சதவீதத்துக்கும் மேல் கூடியது. ஆசிரியர் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

ஒத்தக்கடை மளிகை:
2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. எங்கள் கடைத்தெருவில் பேனர் கட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். போட்ட கையோடு உள்ளே வந்து "ஒரு கேரி பை கொடுங்கள்" என்றவர்கள் உண்டு. அவர்கள் மேல் குற்றம் இல்லை. வெறுங்கையோடு வந்தவர் அரை கிலோ துவரம்பருப்பையும் தக்காளியையும் எதில் கொண்டுபோவார்? மாறியவர்களில் ஓர் அம்மாவை நன்றாக நினைவிருக்கிறது. மஞ்சப்பையை நாலாக மடித்து ஸ்கூட்டர் கொக்கியிலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிட்டார். அதை அவர் வீட்டுக்குள் எடுத்துப் போவதே இல்லை.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர் எங்கள் ஊரில் கறி தொட மாட்டார், வெளியூரில் தங்க மாட்டார். யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. கையில் மஞ்சள் கயிறு இருக்கிறது, ஊர் பார்க்கிறது, அவிழ்க்கும் நாளும் தெரியும். வண்டியூர் அம்மா, உங்கள் தெருவில் குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் வீட்டு வாசலுக்கும் ஓர் அடையாளம் வையுங்கள்.

வண்டியூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. அச்சடித்த வாசகத்தை விட்டுவிடுகிறேன். "பொங்கல் வரை ஈரக் குப்பையைத் தனித் தொட்டியில் போட்டு, வண்டி வரும்போது நானே கையில் கொடுப்பேன்." இவ்வளவுதான். வண்டி வரும் நேரம் பாதி வீடுகளுக்குத் தெரியாது, அதையும் மேலேயே எழுதிவிடுவேன். அண்ணாச்சி, இரண்டாவது தொட்டி இல்லாத வீடுகளுக்கு உங்கள் கடையில் காலியாகும் எண்ணெய் டின்கள் கிடைக்குமா? விலையைச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.