சூடானுக்கு விதை மூட்டையா, கையில் பணமா?

வாலாஜா_வரப்பு:
எங்கள் பக்கத்து விவசாயிகள் சங்கத்தில், உள்நாட்டுப் போரில் சிக்கிய சூடான் உழவர்களுக்கு நிதி திரட்டுகிறார்கள். இங்கேயே சோள விதை வாங்கிக் கப்பலேற்றலாம் என்று ஒரு சாரார், பணமாக அனுப்பலாம் என்று இன்னொரு சாரார். நான் விதைக் கட்சி. ஏக்கருக்கு 5 கிலோ வைத்தால் 2 ஏக்கர் குடும்பத்துக்கு 10 கிலோ. ஒரு 10 டன் லாரியில் 1,000 குடும்பத்துக்கு விதை போகும். மானாவாரியில் ஏக்கருக்கு 2 குவிண்டால்தான் வந்தது என்று வைத்தாலும் 400 கிலோ. ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்றால் 6 பேருக்கு ஐந்தரை மாதம் ஓடும். அதே லாரியில் தானியம் ஏற்றினால், விதைப்பிலிருந்து அறுவடை வரை நாலு மாதத்துக்கு 34 குடும்பத்துக்குத்தான் வரும்.

விதைச்சான்று_ராணிப்பேட்டை:
கணக்கு சரி சார். கப்பலேற்றுவதுதான் கூடாது. அங்கே சோளத்துக்குச் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை பெரும் தொல்லை. தாங்காத ரகத்தை விதைத்தால் வேரைப் பிடித்து உறிஞ்சிவிடும். சோளத் தட்டை உயரமாக வேண்டும், கூரைக்கும் வேலிக்கும் மாட்டுக்கும் அதுதான். நம் குட்டை ரகம் அதற்கு ஆகாது. வீரிய ஒட்டு என்றால் அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைக்கவும் முடியாது.

அதைவிடப் பெரிது பட்டம், அதாவது விதைக்கும் பருவம். அங்கேயும் ஜூன், ஜூலையில்தான் விதைப்பு. சாட் நாட்டிலிருந்து மேற்கு சூடானின் டார்ஃபூருக்குள் போகும் அட்ரே எல்லை வழி 2024 பிப்ரவரியில் மூடப்பட்டு ஆகஸ்ட் நடுவில்தான் திறந்தது. அந்த மாதத் தொடக்கத்திலேயே டார்ஃபூரில் இடம்பெயர்ந்தோர் இருந்த சம்சம் முகாமில் பஞ்சம் என்று உறுதியாகிவிட்டது. திறந்த அன்றே விதை லாரி போயிருந்தாலும் சோளத்துக்குப் பருவம் இல்லை.

பிந்தி வந்த விதை என்ன செய்யும் என்பதற்கு இராக் இருக்கிறது. வறட்சிக்குப் பிறகு 1971இல் பாதரச மருந்து பூசிய கோதுமை விதை, பல ஊர்களில் விதைப்பு முடிந்த பின் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கழுவினால் சாயம் போனது, மருந்து போகவில்லை. ரொட்டி சுட்டுச் சாப்பிட்டு 6,500 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கேயே 459 பேர் இறந்தார்கள். பசித்த வீட்டுக்கு மருந்து பூசிய விதையைத் தனியாக அனுப்பவே கூடாது.

வாலாஜா_வரப்பு:
சரி, இங்கிருந்து வேண்டாம், பக்கத்து நாட்டில் வாங்கட்டும். ஆனால் பணத்தை வைத்து அங்கே எதை வாங்குவார்கள்? வத் மதானியில் இருந்த நாட்டின் விதை வங்கியே சூறையாடப்பட்டது. 2024 பிப்ரவரியில் நாடு முழுக்கத் தொலைத்தொடர்பு செத்துப்போனது. கைபேசியில் வரும் பணத்தை நோட்டாக்க முடியாமல் மக்கள் திண்டாடினார்கள். போர்க்காலத்தில் இலங்கையின் வன்னி பட்டதை மறந்துவிடக் கூடாது. 2002இல் தடை நீங்கும் வரை யூரியா உள்ளே போகவில்லை. கையில் காசு இருந்தவருக்கும் கிடைக்காத பொருள் அது.

ஆரணி_களம்:
யூரியா ஆலைப் பொருள் அண்ணா, வழியை அடைத்தால் தீர்ந்தது. சோள விதை அப்படி இல்லை. நம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கு எத்தனை பேர் வேளாண் டெப்போவுக்குப் போகிறோம்? பக்கத்து நிலத்துக்காரரிடமோ மார்க்கெட் கமிட்டிக்கு வரும் வியாபாரியிடமோதான் வாங்குகிறோம். ஆப்பிரிக்காவில் ஐந்து நாடுகளையும் ஹைட்டியையும் எடுத்துப் பார்த்து 2016இல் வந்த ஆய்விலும், உழவர் விதையில் சுமார் 90 சதம் சொந்த இருப்பு, அக்கம்பக்கம், உள்ளூர்ச் சந்தை என்றே வருகிறது. பாதி சந்தையில் மட்டும். விதை ஊரிலேயே இருக்கும், வாங்கத்தான் வக்கு இருக்காது. அந்த இடத்தில் இலவச மூட்டையைக் கொட்டினால் உள்ளூர் விதை வியாபாரி படுத்துவிடுவார், அடுத்த பட்டத்துக்கு ஆளே இருக்கமாட்டார்.

அதனால் நான் சொல்வது சீட்டு முறை. குடும்பத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தால், அதைக் காட்டி உள்ளூர் வியாபாரியிடம் விதை வாங்கிக்கொள்வார்கள், வியாபாரிக்குப் பணத்தை நாம் கொடுப்போம். முதல் வாரம் சந்தையைச் சுற்றி, யாரிடம் எந்த ரகம், எவ்வளவு என்று எழுத வேண்டும். குறைந்தது ஐந்தாறு வியாபாரிகள் இல்லாவிட்டால் இந்த முறையே வேண்டாம். கூடிப் பேசி விலையை ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொருவர் குவியலிலும் 100 விதை எடுத்து ஈரச்சாக்கில் சுருட்டி ஒரு வாரம் வைக்க வேண்டும். 75 முளைத்தால் சீட்டுக்குத் தகுதி. 60 என்றால், வேறு வழியில்லாத ஊரில் மட்டும் ஏக்கருக்கு 5 கிலோவை 6¼ ஆக்கிக் கொடுக்கலாம். சாப்பாட்டுத் தானியத்தை விதை என்று தள்ளுவதும் வண்டு துளைத்ததை அடியில் போடுவதும் நடக்கும், மூட்டையின் நடுவிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். விலையை முந்தைய நாளே பேசி எழுதிவிட்டு, சீட்டுக்கான பணத்தை அன்று மாலையே கொடுத்துவிட வேண்டும். இழுத்தடித்தால் அடுத்த ஊருக்கு அவர் வரமாட்டார்.

டார்ஃபூரில் சந்தை மேலேயே குண்டு விழுந்திருக்கிறது. ஆகவே பெரிய கூட்டம் கூடாது. ஊருக்கு ஊர் பிரித்து, காலையில் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும்.

வாலாஜா_வரப்பு:
எரிந்துபோன ஊரில் ஐந்தாறு வியாபாரிக்கு எங்கே போவது தங்கச்சி? களஞ்சியமும் போய், கலப்பையும் போய், சந்தையும் இல்லாத இடத்துக்கு மூட்டைதான். விதையோடு மண்வெட்டி, களைக்கொத்து. காம்பில்லாமல் இரும்பு மட்டும் அனுப்பினால் லாரியில் இடம் மிச்சம். காம்பு அங்கே செதுக்கிக்கொள்வார்கள்.

விதைச்சான்று_ராணிப்பேட்டை:
அதற்கு நான் மறுப்பில்லை. ஆனால் தானியம் இல்லாமல் அனுப்பாதீர்கள். 6 பேர் வீட்டில் 10 கிலோ விதை நாலே நாளில் உலைக்குப் போய்விடும். ஒரு மாதத்துக்கு 72 கிலோவாவது விதையோடு சேர்ந்தே கைக்குப் போக வேண்டும். விதை 12 சத ஈரத்துக்கு மேல் இருந்தால் சாக்கிலேயே முளைப்பு விழும். அதையும் ஏற்றும் இடத்திலேயே பார்க்க வேண்டும்.

குடியாத்தம்_கால்நடை:
ஆட்டை யாருமே பேசவில்லை. ஓடும் குடும்பம் நிலத்தைத் தூக்கிப்போக முடியாது, ஆட்டை ஓட்டிப்போக முடியும். முகாமில் மந்தைகள் கலந்தால் ஆட்டுக்கொல்லி நோய் பரவும், குட்டிகள்தான் முதலில் சாகும். ஒரு தடவை தடுப்பூசி போட்டால் மூன்று வருஷம் தாங்கும். தோலுக்கடியில் 1 மில்லி. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரைத்தபின் ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். 100 டோஸ் குப்பியை 20 ஆட்டுக்காக உடைத்தால் மீதி வீண், மந்தைகளைச் சேர்த்த பிறகே உடைக்க வேண்டும். மூக்கு ஒழுகும் மந்தைக்குள் நுழையவே கூடாது, அதே ஊசி நோயைக் கடத்தும். இதற்கு விதைப்பட்டம் பார்க்க வேண்டியதில்லை.

ஆரணி_களம்:
அப்படியானால் சங்கத்தில் இதைச் சொல்லுங்கள் அண்ணா. பணம் மார்ச்சுக்குள் போய்விட்டால், சந்தை நடக்கும் ஊருக்குச் சீட்டு, எரிந்த ஊருக்கு மூட்டையும் தானியமும். ஜூலை நடு தாண்டியும் வழி திறக்காவிட்டால் சோளத்துக்கு ஒரு ரூபாயும் ஒதுக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஆட்டுத் தடுப்பூசி போடட்டும். மிச்சத்தை வைத்திருந்து, மழை நின்றபின் ஓடைப் படுகை ஈரத்தில் போட வெண்டை, தக்காளி, கீரை விதை வாங்கட்டும். கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், வெண்டை 45.