வீட்டில் வீடியோ எடிட் செய்ய எந்தக் கணினி? திருகோணமலைக்காரர்களின் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து:

கணினி வாங்க நினைப்பவர்கள் நேரே கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் தங்கள் போனோ கமராவோ எடுத்து வைத்திருக்கும் வீடியோ என்ன வகை என்று பார்க்க வேண்டும். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். இங்கே உள்ளவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் புதிதாக வாங்குபவர்களின் காசு மிஞ்சும்.

அக்காவின் மகன் பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவை ஐபோனில் எடுத்திருந்தான். வீட்டில் பாவித்த டெஸ்க்டொப் ஒன்று இருந்தது. 'ஐ7, 16 ஜிபி ரேம்' என்று சொல்லி விற்ற சாமான். அதில் வீடியோவைப் போட்டால் சத்தம் ஓடும், படம் நிற்கும். ரேமை 32 ஆக்கினால் சரிவருமா மாமா என்று கேட்டான். திறந்து பார்த்தேன். அது ஐ7-4770, அதாவது இன்டெலின் 4ஆம் தலைமுறை. ஐபோன் எடுத்ததோ எச்.265, அதாவது வீடியோவை மிகவும் சுருக்கிச் சேமிக்கும் புதிய முறை. இந்த வகை வீடியோவை விரிப்பதற்கென்று புரொசசருக்குள்ளேயே தனிப் பகுதி இருக்க வேண்டும். இன்டெலில் அது 6ஆம் தலைமுறையில்தான் முழுதாக வந்தது. நிறங்களை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வீடியோவுக்கு 7ஆம் தலைமுறையாவது வேண்டும். அது இல்லையென்றால் முழு வேலையும் புரொசசரின் தலையில் விழும். ரேமை எவ்வளவு கூட்டினாலும் மாற்றம் வராது.

அவனுக்குக் காசு செலவழிக்காமலே வழி இருந்தது. ஐபோனின் கமரா அமைப்பில் 'அதிக இணக்கம்' என்ற தெரிவைப் போட்டால் பழைய முறையான எச்.264 ஆக எடுக்கும். 4கே 60 (விநாடிக்கு 60 படம்) போன்ற சிலவற்றை மட்டும் அதில் எடுக்க முடியாது. ஏற்கெனவே எடுத்தவற்றை ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக் கொடுத்தேன். அதே கணினியில் திருவிழாவை முடித்துவிட்டான்.

ஆகவே ஐ5, ஐ7 என்ற பெயரில் மயங்காதீர்கள். அதன் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 12ஆம் தலைமுறை ஐ3-12100 அந்தப் பழைய ஐ7-ஐ முந்திவிடும். இன்னொன்று, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் 8ஆம் தலைமுறையாவது வேண்டும். பாவித்தது வாங்குபவர்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

நிலாவெளியிலிருந்து:

அண்ணா சொன்னது உண்மை. நான் புறாத்தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கு நீருக்கடியில் வீடியோ எடுத்து, வீட்டில் வைத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கிறேன். என் பாடு புரொசசரைவிட இடம்தான்.

கணக்கு இது. சின்ன அக்ஷன் கமராவில் 4கே எடுத்தால் விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் எழுதும். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. காலையில் ஒரு படகு, பின்நேரம் ஒரு படகு என்றால் 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லப்டொப் எத்தனை நாளைக்குக் காணும்? அதில் விண்டோஸும் மென்பொருளும் வேறு இருக்கின்றன. எடிட்டிங் மென்பொருள் தானாகச் சேமிக்கும் தற்காலிகக் கோப்புகளும் இடத்தைத் தின்னும்.

நான் வைத்திருப்பது இப்படி: விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் ஒரு எஸ்எஸ்டி. நடக்கிற வேலைக்கு 1 டிபி அளவில் இன்னொரு எஸ்எஸ்டி. முடிந்த வேலையை ஒதுக்கி வைக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க், அதன் பிரதி இன்னொரு டிஸ்கில். ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 எம்பி வரை தரும், ஒரு வீடியோவை நேராக ஓட விட அது தாராளம். ஆனால் டைம்லைனில் அங்கும் இங்கும் தாவும்போதுதான் திணறும். வேலை செய்வது எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

லப்டொப்பா டெஸ்க்டொப்பா என்று கேட்பவர்களுக்கு: கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டில் மதியம் மின்விசிறியும் சூட்டைத்தான் வீசும். அந்த நேரம் லப்டொப்பில் எக்ஸ்போர்ட் போட்டால் முதல் சில நிமிடம் வேகமாகப் போகும், பிறகு தவழும். சூடு 95, 100 பாகையைத் தொட்டதும் புரொசசர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். கடையில் ஏசி அறையில் காட்டும் வேகம் நிலாவெளியில் வராது. பெரிய கூலரும் காற்றோட்டமான பெட்டியும் உள்ள டெஸ்க்டொப் அதே வேலையை அதே வேகத்தில் முடிக்கிறது. வெளியே கொண்டு திரியும் தேவை இல்லையென்றால் டெஸ்க்டொப்தான்.

உப்புக் காற்றையும் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்க யன்னலுக்கு நேரே பெட்டியை வைத்தால் ஆணி முதலில் துருப்பிடிக்கும், அப்புறம் போர்ட்டுகள். யன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவர் ஓரம், நிலத்தில் இல்லாமல் மேசை மேல் வையுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க்குகளைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைத்திருக்கிறேன். வாடைக் காலத்து ஈரத்துக்கும் அது நல்லது.

மூதூரிலிருந்து, ஆசிரியை:

தம்பிமார் பெரிய வேலைகளைப் பேசுகிறீர்கள். என்னுடையது சின்ன வேலை. சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தை வீடியோவாகச் செய்கிறேன். போனில் 1080பி அளவில் எடுத்த துண்டுகள், திரையில் எழுதிக் காட்டுவது, என் குரல். இவ்வளவுதான்.

கடையில் 'எடிட்டிங்' என்ற சொல்லைக் கேட்டதுமே கேமிங் லப்டொப்பை எடுத்து வைத்தார்கள். நான் பென் டிரைவில் என் பாடம் ஒன்றை முழுதாகக் கொண்டு போயிருந்தேன். மென்பொருள் போட்டிருந்த சாதாரண ரைசன் 5 லப்டொப்பில் அதைத் திறந்து தரும்படி கேட்டேன். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாததுதான். மூன்று அடுக்கு வீடியோவும் எழுத்தும் சிக்காமல் ஓடின. பத்து நிமிடப் பாடத்தை எக்ஸ்போர்ட்டும் செய்து பார்த்தேன். கடைத் தம்பி பொறுமையாக நின்றவர். அதையே வாங்கினேன், ரேம் 16 ஜிபி. 8 ஜிபி என்றால் உலாவியும் எடிட்டரும் ஒன்றாகத் திறந்தவுடன் இழுக்கத் தொடங்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: ரேம் பலகையோடு ஒட்டியதா, கழற்றி மாற்றலாமா? மெல்லிய லப்டொப்புகளில் பல ஒட்டியே வருகின்றன. பிறகு கூட்ட முடியாது.

குரலும் உதடும் போகப் போக விலகுவதைப் பற்றியும் இங்கே பலர் கேட்கிறார்கள். கணினி மெதுவென்று நினைத்து விற்கப் போன ஒரு சக ஆசிரியரை நானே மறித்தேன். போன்கள் விநாடிக்கு எத்தனை படம் என்பதை ஒரே சீராக எடுப்பதில்லை. ஹாண்ட்பிரேக்கில் 'மாறாத பிரேம் வீதம்' என்று தெரிவு செய்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள், குரல் ஒட்டி நிற்கும்.

கிண்ணியாவிலிருந்து, கல்யாண வீடியோ எடுப்பவர்:

டீச்சர் சொன்ன பென் டிரைவ் வழிதான் சரி. அதைத் தாண்டி ஒன்றும் சொல்லத் தேவையில்லை, ஆனால் கமராவில் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது.

எனக்கு வேலை கொடுக்கும் நானா ஒருவர் ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் போட்டு, 12 ஜிபி கிராபிக்ஸ் நினைவகத்தோடு கணினி கட்டினார். புரொசசர் ஐ5-12400எஃப். சோனி கமராவின் 10 பிட் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைத்திருக்கும் வகை) வீடியோவைப் போட்டால், பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு கமராவே விக்கி விக்கி ஓடியது. இவ்வளவு காசு போட்டும் இப்படியா என்று மனம் நொந்துபோனார். எனக்கும் கவலையாக இருந்தது.

காரணம் அந்த 'எஃப்' எழுத்து. எஃப் என்று முடியும் இன்டெல் புரொசசரில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. எச்.265 4:2:2 வீடியோவை விரிக்கும் வசதி இன்டெலின் 11ஆம் தலைமுறை தொடங்கி அந்த உள் கிராபிக்ஸுக்குள்தான் இருக்கிறது. என்விடியா கார்ட்டுகளில் அது 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்ந்தது. 3060, 4060 இரண்டிலும் இல்லை. எஃப் இல்லாத 12400ஐ மாற்றிப் போட்டோம். கார்ட் அப்படியே இருந்தது, மூன்று கமராவும் ஒன்றாக ஓடின. இரண்டு புரொசசருக்கும் விலை வித்தியாசம் சின்னதுதான்.

சோனிக்காரர்கள் கமராவிலும் கவனியுங்கள். எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்றால் எச்.265. 4:2:2 எடுப்பதென்றால் எச்எஸ்தான் நல்லது. மற்றதற்கு அந்த 12400உம் உதவாது.

அப்போ கார்ட் எதற்கு என்று கேட்பீர்கள். நிறம் திருத்த, எபெக்ட் போட, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பாவிக்க. ரிசால்வ் கார்ட்டைத்தான் நம்பி ஓடும். அதன் இலவசப் பதிப்பே 4கே 60 வரை எக்ஸ்போர்ட் தரும், வீட்டு வேலைக்கு அது போதும். 4 ஜிபி நினைவகமுள்ள கார்ட்டில் 4கே போட்டால் நினைவகம் நிறைந்தது என்று நின்றுவிடும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

பாவித்த கார்ட் மலிவாகக் கிடைத்தால் எங்கே ஓடியது என்று விசாரியுங்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தை கார்ட்டால் தோண்டும் முறை முடிந்த பிறகு, இரவு பகலாக ஓடிய கார்ட்டுகள் சந்தைக்கு வந்தன. குறைந்தது அரை மணி நேரமாவது பாரம் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கணினி மாற்ற வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பிராக்ஸி என்ற வழி இருக்கிறது. பெரிய வீடியோவுக்குச் சின்னப் பிரதி செய்து, அதில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் அசலை வைத்து எக்ஸ்போர்ட் செய்யலாம். இரவு படுக்கப் போகும்போது பிராக்ஸி செய்யப் போட்டால் விடிய ஆயத்தமாக இருக்கும். பழைய லப்டொப்பில் நிக்காஹ் வீடியோக்களை இப்படித்தான் கொடுத்தேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஊர் சாம்பல்தீவு, வேலை கொழும்பில்:

மக் மினியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. 2024 கடைசியில் வந்த எம்4 மக் மினியின் அடிப்படை விலையிலேயே 16 ஜிபி ரேம் இருக்கிறது. எச்.265 வீடியோவை விரிக்கும் பகுதியும் உள்ளே இருக்கிறது. தங்கச்சிக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். சத்தம் இல்லை, சூடு இல்லை, கரண்ட் செலவும் கொஞ்சம்தான். உள்ளே இருப்பது 256 ஜிபிதான், ஆகவே வெளி எஸ்எஸ்டி ஒன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பல கடைகள் ஒரே கூரைக்குள் இருப்பதால் விலை விசாரிக்க வசதி. ஆனால் ஊருக்குக் கொண்டு வரும்போது டெஸ்க்டொப் என்றால் கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றித் தனியாக அதன் பெட்டியில் வையுங்கள். பஸ் குலுக்கலில் பாரமான கார்ட் மதர்போர்டின் இடுக்கையே உடைத்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து:

தம்பி, மக் மினி நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. பழுதானால் திருகோணமலையில் யாரிடம் கொடுப்பது? என் டெஸ்க்டொப்பில் பவர் சப்ளை போனபோது அன்று பின்நேரமே டவுனில் புதியது வாங்கிப் போட்டு, அடுத்த நாள் கல்யாண வேலையைத் தொடர்ந்தேன். தொழிலுக்கு இது பெரிய விஷயம். தங்கச்சியைப் போல வீட்டுக்குச் செய்பவர்களுக்கு மக் மினி பொருந்தும்.

உவர்மலையிலிருந்து:

இருவர் சொல்வதும் சரி. உத்தரவாதத்துக்குக் கொழும்புக்கு அனுப்பினால் எத்தனை நாள் வேலை நிற்கும் என்பதையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். நாட்டுக்கு வரும் கணினி எல்லாம் டொலரில் வாங்கியவை. ஒருமுறை வாங்கியதை உதிரிப் பாகம் மாற்றி நீண்ட நாள் ஓட்ட முடிந்தால் நல்லது.

கரண்ட் பற்றியும் எழுதிவிடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்கவே மின் போனது. யூபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டொப்பில் எடிட் செய்ய யாரையும் நான் விடமாட்டேன். மெமரி கார்ட்டிலிருந்து பிரதி எடுக்கும் நடுவில் மின் போனால் திரும்ப எடுக்க முடியாத ஒரு நிகழ்ச்சியே போய்விடலாம். பிரதி முடிந்து, திறந்து பார்த்த பிறகே கார்ட்டை அழியுங்கள். 650 விஏ யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். சேமித்து அணைக்க அது போதும், எக்ஸ்போர்ட் முடிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

மூதூரிலிருந்து, ஆசிரியை:

கடைசியாக ஒரு கேள்வி. எங்கள் வீட்டுப் பிள்ளையின் சாமத்திய வீட்டு வீடியோவை நானே செய்தேன். என் திரையில் கூறைச் சேலையின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது, கூட்டிவிட்டேன். மகளின் போனில் பார்த்தால் கண்ணைக் குத்துகிறது. லப்டொப்பை மாற்ற வேண்டுமா?

நிலாவெளியிலிருந்து:

வேண்டாம் அக்கா, கணினியில் பிழையில்லை. மலிவு லப்டொப்புகளின் திரை '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்ற வகை, சிவப்பை முழுதாகக் காட்டாது. வழக்கமான நிறங்களை முழுதாகக் காட்டும், '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று போட்ட ஐபிஎஸ் மொனிட்டர் ஒன்றை வாங்கி எச்டிஎம்ஐ வயரில் செருகுங்கள். 24 அங்குலம் போதும். அதுவரை எக்ஸ்போர்ட் செய்ததைப் போனில் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்புங்கள். என்னிடம் ஒரு மொனிட்டர் சும்மா இருக்கிறது, சனிக்கிழமை மூதூர்ப் பக்கம் வருகிறேன். கொண்டு வந்து செருகிக் காட்டுகிறேன், வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு வாங்குவதை முடிவு செய்யுங்கள்.